விதை கட்டாத கனகாம்பரம்

வீட்டில் இரண்டு விதமான கனகாம்பரச் செடி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் கட்டாயம் வந்திருக்கும். ஒன்று நாட்டுச் செடி. வெளிர் ஆரஞ்சில் பூக்கும். அதன் அடியில் எப்போதும் நாலைந்து நாற்று முளைத்து நிற்கும். தொட்டியில் வைத்தால் பக்கத்துத் தொட்டியிலும் வந்து முளைக்கும். பிடுங்கிப் போட்டு மாளாது. மற்றொன்று டெல்லிக் கனகாம்பரம். நிறம் அடர்த்தி, பூ பெரிது, கதிரும் அதிகம். பூக்காரரிடம் கேட்டால் இதற்குத்தான் விலை என்பார். ஆனால் அதன் அடியில் ஒரு நாற்றைக்கூடப் பார்க்க முடியாது. காய்ந்த கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் சருகுதான் உதிரும்.

இத்தனை பூக்கும் செடி ஒரு விதையும் ஏன் கட்டவில்லை? மண்ணில் சத்துக் குறைவா, தேனீக்கள் வரவில்லையா என்று தேடினால் விடை கிடைக்காது. உரம் எவ்வளவு போட்டாலும் பூ கூடும், விதை வராது. செடி நோயாளியும் இல்லை. காரணம் அதன் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் ஒரு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்குக்குப் போகுமுன், விதை கட்டுகிற செடி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

மழைக்குக் காத்திருக்கும் காய்

கனகாம்பரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான குறுஞ்செடி. அதன் உறவுக்காரர்களையும் நமக்கு நன்றாகத் தெரியும்: மார்கழியில் பூக்கும் டிசம்பர் பூ, கஷாயத்துக்குப் போடும் ஆடாதொடை, நிலவேம்பு. குழந்தைகள் எச்சில் தொட்டு வெடிக்க வைக்கும் பட்டாசுக்காய்ச் செடியும் இதே குடும்பம்தான். வெடிப்பது இந்தக் குடும்பத்தில் பலருக்கும் பழக்கம்.

கனகாம்பரக் கதிரில் பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலின் இடுக்கிலும் ஒரு பூ. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையாக மலரும். பூ போன பிறகு அதே இடுக்கில் சிறு காய் வளர்கிறது. உள்ளே நான்கு விதைகள். காய் முற்றிக் காயும்போது அதன் சுவர் சுருங்கப் பார்க்கிறது. ஆனால் இரண்டு பாதிகளையும் இணைத்திருக்கும் தையல் விடுவதில்லை. சுவர் இழுக்க, தையல் பிடிக்க, காய்க்குள் விசை ஏறிக்கொண்டே போகிறது. மழைத்துளியோ காலைப் பனியோ பட்டதும் தையல் நனைந்து இளகுகிறது. அந்த நொடியில் இரண்டு பாதிகளும் தெறித்துப் பிரிகின்றன. ஒவ்வொரு விதைக்கும் கீழே வளைந்த கொக்கி ஒன்று உண்டு. அதுதான் விதையை உந்தி எறிகிறது. பக்கத்துத் தொட்டியில் நாற்று முளைத்த மர்மம் இதுதான்.

தண்ணீர் பட்டால் வெடிப்பதில் நல்ல காரணம் இருக்கிறது. வெயிலில் வெடித்தால் விதை விழுவது காய்ந்த மண்ணில். மழையில் வெடித்தால் ஈர மண்ணில். விதையின் மேல் செதில் போன்ற உறையும் உண்டு; நனைந்ததும் அது கொழகொழவென்றாகி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. விதைக்காகக் கனகாம்பரம் வளர்ப்பவர்கள் கதிர் பழுப்பாகத் தொடங்கியதும், மழைக்கு முந்தி வெட்டி, துணி மூடிக் காயவைப்பது இதற்காகத்தான். மூடாமல் விட்டால் காலையில் களத்தில் சருகு மட்டும் இருக்கும்.

பறிப்பவர் விட்டுச் செல்வது

இங்கே ஒரு சின்னத் தகவல் பிறகு பயன்படும். மல்லிகையை மொட்டாகக் காம்போடு கிள்ளுகிறோம். கனகாம்பரத்தை மலர்ந்த பிறகு மெல்ல உருவி எடுக்கிறோம். கையோடு வருவது விசிறி போன்ற இதழும் அதன் மெல்லிய குழலும், குழலுக்குள் ஒட்டியிருக்கும் மகரந்தத் தாள்களும்தான். காயாக வேண்டிய சூலகம், அதாவது பூவின் கர்ப்பப்பை, செதிலின் இடுக்கிலேயே நின்றுவிடுகிறது. பூவைப் பறிப்பதற்குள் மகரந்தம் சேர்ந்திருந்தால், மாலையில் தொடுத்தது போக மிச்சம் செடியில் காயாகும். நாட்டுச் செடியில் பூவை ஒன்று விடாமல் பறித்தாலும் நாற்று முளைப்பதை நிறுத்த முடியாது.

டெல்லிச் செடியிலும் இதே சூலகம் இதே இடத்தில் நிற்கிறது. உள்ளே இடமும் இருக்கிறது. விதை மட்டும் இல்லை.

முப்பதைப் பங்கிடுவது எப்படி?

உயிருள்ள செல்லுக்குள், அந்தச் செடியை எப்படிக் கட்டுவது என்ற குறிப்புகள் நூல் போன்ற அமைப்புகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. குரோமோசோம் என்று பள்ளியில் படித்தோம். கனகாம்பரத்தில் பத்து வகைக் குரோமோசோம்கள். பத்தும் சேர்ந்தது ஒரு தொகுதி. ஒரு தொகுதி இருந்தால் செடி கட்டத் தேவையான குறிப்புகள் அத்தனையும் ஒரு பிரதி இருக்கிறது என்று அர்த்தம்.

விதை கட்டும் கனகாம்பரங்களில் சிலவற்றுக்குச் செல்லில் 20 குரோமோசோம், அதாவது இரண்டு தொகுதி. சிலவற்றுக்கு 40, நான்கு தொகுதி. டெல்லிக் கனகாம்பரத்துக்கு 30. மூன்று தொகுதி கொண்ட இப்படிப்பட்ட செடியை மும்மடியம் என்கிறார்கள். வேர், இலை, தண்டு வளர்வதற்கு மூன்று தொகுதியால் எந்தத் தொல்லையும் இல்லை. செல் பிரியும்போது முப்பதையும் அப்படியே படியெடுத்து, ஆளுக்கு முப்பது என்று கொடுத்துவிட்டால் போதும்.

சிக்கல் மகரந்தத்திலும், சூலகத்துக்குள் விதையாக வேண்டிய சூலிலும் வருகிறது. அவை உருவாகும்போது தொகுதிகள் பாதியாகக் குறைய வேண்டும். இல்லாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும். 20 உள்ள செடியில் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டும் ஜோடி சேர்ந்து, பிறகு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகப் பிரிகின்றன. இரு பக்கமும் பத்துப் பத்து. 40 உள்ளதில் இரண்டிரண்டாகப் பிரியலாம். மூன்றை எப்படிச் சரிபாதியாக்குவது? ஒரு பக்கம் இரண்டு போனால் மறுபக்கம் ஒன்றுதான்.

இதில் மோசமானது, பத்து வகையும் கலந்து பேசிக்கொண்டு பிரிவதில்லை என்பது. ஒவ்வொரு வகையும் தன் போக்கில் போகிறது. பத்து முறை நாணயம் சுண்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தலை விழுந்தால் அந்த வகையில் இரண்டு நமக்கு. பூ விழுந்தால் ஒன்று. பத்து முறையும் பூவே விழுந்தால் கைக்கு வருவது பத்து வகையிலும் ஒவ்வொன்று: சுத்தமான ஒரு தொகுதி. பத்து முறையும் தலையே விழுந்தால் சுத்தமான இரண்டு தொகுதி. இந்த இரண்டும்தான் முழுமையான மகரந்தம். மற்ற எல்லாவற்றிலும் சில வகை இரண்டாகவும் சில வகை ஒன்றாகவும் கலந்து கிடக்கும்.

பத்து முறை சுண்டினால் 1,024 விதமாக விழலாம். அவற்றில் எல்லாம் தலை ஒன்று, எல்லாம் பூ ஒன்று. ஆக 1,024-இல் 2. அதாவது 512-இல் ஒன்று. மிச்சமுள்ள 511 மகரந்தமும் குழப்பம். நாலில் ஒரு பங்குக்குச் சரியாக 15 குரோமோசோம் இருக்கும், ஒன்றரைத் தொகுதி என்ற அர்த்தமில்லாத எண்ணிக்கை. பத்தில் ஒன்பது பங்கு 13-க்கும் 17-க்கும் இடையே நிற்கும்.

அதிகமாக இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எண்ணிக்கை கூடியது தொல்லை இல்லை; மூன்று தொகுதியோடு டெல்லிச் செடி எவ்வளவு செழிப்பாக நிற்கிறது என்று பார்க்கிறோமே. விகிதம் கெட்டதுதான் தொல்லை. ஒரு வேலைக்கான குறிப்பு இரண்டு பிரதி, அதோடு சேர்ந்து நடக்க வேண்டிய மற்றொரு வேலைக்கு ஒரு பிரதி என்றால், செல்லில் சில பொருள்கள் தேவைக்கு மேல் குவியும், சில போதாமல் போகும். இப்படி விகிதம் கெட்ட மகரந்தமும் சூலும் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

இப்போது வயலுக்கு வருவோம். டெல்லிக் கனகாம்பரம் மட்டும் நட்ட தோட்டத்தில் மகரந்தமும் சூலும் இரண்டுமே இந்தச் சுண்டலில் தப்ப வேண்டும். 512-இல் ஒன்று, அதிலும் 512-இல் ஒன்று: 2,62,144 சூலுக்கு ஒன்று. ஒரு பூவில் நான்கு சூல். அப்படியானால் 65,536 பூவுக்கு ஒரு விதை. கிலோக்கணக்கில் பூ மார்க்கெட்டுக்குப் போன பிறகு எங்கோ ஒரு செதிலின் இடுக்கில் ஒன்று.

பக்கத்தில் நாட்டுச் செடி இருந்து நல்ல மகரந்தம் வந்தால்? சூல் மட்டும் தப்பினால் போதும் என்பதால் கணக்கு 128 பூவுக்கு ஒன்று என்று இறங்குகிறது. உண்மை நிலைமை இந்தக் கணக்கைப் போல ஒழுங்காக இருப்பதில்லை. ஜோடி கிடைக்காத மூன்றாவது குரோமோசோம் எந்தப் பக்கமும் போய்ச் சேராமல் நடுவழியில் தொலைவதும் உண்டு. நான் நாணயத்தை வைத்துக்கொண்டது, தடை எவ்வளவு உயரம் என்று காட்டத்தான்.

மூன்று எங்கிருந்து வந்தது என்பதற்கு வழக்கமான விடை எளிது. இரண்டு தொகுதிச் செடி ஒரு தொகுதியைத் தருகிறது, நான்கு தொகுதிச் செடி இரண்டைத் தருகிறது, கலந்தால் மூன்று. அல்லது இரண்டு தொகுதிச் செடியே பாதியாக்க மறந்து முழுசாகக் கொடுத்துவிடுகிறது. தாவரங்களில் இந்தத் தவறு அரிதல்ல. நாம் சாப்பிடும் ரஸ்தாளி, பூவன், நேந்திரன், செவ்வாழை எல்லாம் மும்மடியங்கள்தான். வாழைப்பழத்துக்குள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறதே, அது விதையாகாமல் போன சூல்.

மலட்டுத்தனத்தின் மகசூல்

ரோஜாவில் வாடிய பூவைக் கத்தரித்துவிட்டால் அடுத்த தளிர் சீக்கிரம் வரும். காயை வளர்க்கத் தொடங்கிய செடி, சர்க்கரையையும் தழைச்சத்தையும் அங்கே அனுப்பும். புதுப் பூவுக்குக் கை இறுகும். பூவுக்காக வளர்ப்பவருக்குக் காய் என்பது வீண் செலவு. டெல்லிக் கனகாம்பரத்தில் இந்தச் செலவு இயல்பிலேயே இல்லை. அதோடு மூன்று தொகுதி கொண்ட செல் சற்றுப் பெரியது. இதழும் அதற்கேற்பப் பெரிதாகிறது.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கையேடுகள் சாதாரண இரகத்துக்கு எக்டருக்கு ஆண்டுக்கு 2,000 கிலோ என்றும், டெல்லிக்கு 2,800 கிலோ என்றும் மகசூல் சொல்கின்றன. இந்த 800 கிலோவும் விதை இல்லாததால் மட்டுமே வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். இதழின் அளவு, கிளைக்கும் வேகம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனாலும் எடை போட்டு விற்கும் பூவில், அதிலும் கனகாம்பரம் போலக் காற்றாய்க் கனக்கும் பூவில், இது பெரிய வித்தியாசம்.

வாசனையே இல்லாத பூவுக்கு இந்த மவுசு எப்படி என்பதைத் தொடுப்பவர்தான் சொல்ல வேண்டும். மல்லிகையின் வெள்ளையை எடுத்துக் காட்ட ஒரு நிறம் வேண்டும், தொடுத்த பின் கசங்காமல் நிற்க வேண்டும், தலையில் கனக்கக் கூடாது. மூன்றையும் கனகாம்பரம் செய்கிறது. வாசனையை மல்லி பார்த்துக்கொள்ளும்.

குச்சியிலிருந்து செடி

விதை இல்லை என்றால் குச்சிதான். நுனிக்கிளையில் முற்றியும் முற்றாத பாகத்தை, இரண்டு மூன்று கணுக்கள் இருக்கும்படி, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். கதிர் இருந்தால் கிள்ளிவிட வேண்டும். வேர் விட வேண்டிய சக்தியைப் பூ தின்றுவிடும். அடி இலைகளை எடுத்துவிட்டு மணல் கலந்த கலவையில் நட்டு, நிழலில், ஈரம் காயாமல் வைத்தால் வேர் பிடிக்கும். நாற்றங்கால்காரர்கள் வேரூக்கிப் பொடி தொட்டு நடுவார்கள். வீட்டுக்கு அது கட்டாயமில்லை.

வயலில் 60-க்கு 40 செ.மீ. இடைவெளி. தண்ணீர் தேங்காத செம்மண்ணும் வண்டல் கலந்த மணற்பாங்கும் இதற்குப் பிடித்தவை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்தை வேரால் எடுக்க முடியாமல் இளம் இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தென்னைக்கு அடியில் விழும் அரை நிழல் ஒத்துக்கொள்ளும். நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பூ வந்துவிடும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் பறிப்பு. அடைமழைக் காலத்தில் பூ குறையும். பறிகூலிதான் இந்தப் பயிரின் பெரிய செலவு, ஒவ்வொரு பூவையும் விரலால் உருவ வேண்டுமே.

ஒரே செடி, ஆயிரம் இடத்தில்

குச்சியில் வந்த செடி தாயின் நகல். தோட்டத்தில் ஐயாயிரம் செடி நின்றாலும் மரபுக் கணக்கில் அது ஒரே செடி. நிறம், உயரம், பூக்கும் காலம் எல்லாம் ஒன்று போல இருப்பது வியாபாரிக்கு வசதி. நோய்க்கும் அதே வசதி. ஒன்றை வீழ்த்தத் தெரிந்த எதிரிக்கு ஐயாயிரத்தையும் வீழ்த்தத் தெரியும். உலகச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த குரோ மிஷேல் வாழையை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பனாமா வாடல் நோய் சாய்த்தது இப்படித்தான். அதுவும் விதையில்லா மும்மடியம்.

கனகாம்பரத்தின் எதிரி கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. வேருக்குள் துளைத்துப் போய், செல் செல்லாகத் தின்று, காயங்களை விட்டுச் செல்லும். வேர் கறுக்கும், இலை சிறுத்து வெளுக்கும், செடி குட்டையாக நிற்கும். புழு போட்ட ஓட்டை வழியாக வாடல் பூஞ்சை உள்ளே போனால் கதை முடிந்தது. விவசாயிகள் பெரும்பாலும் பூஞ்சையைப் பார்த்து மருந்தடிக்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டது வேறு ஆள் என்பது வேரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

நூற்புழு தானாக வெகு தூரம் நகராது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நாம்தான், நாற்றுப் பையின் மண்ணோடு. ஆகவே குச்சியை நடும் கலவை சுத்தமாக இருப்பது, பிறகு அடிக்கும் எந்த மருந்தையும் விட முக்கியம். முன்பருவத்தில் அதே நிலத்தில் செண்டுமல்லி போடுவது நல்ல தந்திரம். அதன் வேரில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் இந்த வகை நூற்புழுவுக்கு நஞ்சு. செண்டுமல்லிக்கும் அதே சந்தையில் விலை உண்டு என்பதால் நிலம் சும்மா கிடப்பதும் இல்லை.

செங்காந்தள் தரும் மருந்து

நூற்புழுவைத் தாங்கும் புது இரகம் வேண்டுமென்றால் கலப்புச் செய்ய வேண்டும். கலப்புக்கு விதை வேண்டும். டெல்லியிடம் அது இல்லை. கதிர்வீச்சுக்கு உட்படுத்திக் குச்சியில் திடீர் மாற்றம் வருகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. அது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது, எப்போதாவது படும்.

வேறொரு வழி தமிழ்நாட்டு மாநில மலருக்குள் இருக்கிறது. செங்காந்தள் விதையில் கால்சிசின் என்ற பொருள் உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் பந்தலில் ஏற்றி வளர்த்து விதையை விற்பது இதற்காகத்தான். மூட்டுவலி மருந்துக்குப் போகிறது. செல் பிரியும்போது படியெடுத்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கச் சில இழைகள் உருவாகும். கால்சிசின் அந்த இழைகளைக் கட்ட விடாது. இழுப்பதற்கு ஆள் இல்லாததால் இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். 1937-இல் பிளேக்ஸ்லீ, ஏவரி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை ஊமத்தை முதலிய செடிகளில் செய்துகாட்டினார்கள்.

டெல்லிக் கனகாம்பரத் தளிர் நுனியில் இது பலித்தால் 30 என்பது 60 ஆகும். ஆறு தொகுதியை மூன்று மூன்றாகப் பிரிக்கலாம். குழப்பம் பெருமளவு குறையும். மலடு நீங்கி விதை வரும். கோதுமையில் இது இயற்கையாகவே நடந்திருக்கிறது. 28 குரோமோசோம் கொண்ட பழங்கோதுமையும் 14 கொண்ட ஒரு காட்டுப் புல்லும் கலந்து 21-உடன் மலடான ஒன்று பிறந்து, அது இரட்டித்து 42 ஆனதுதான் இன்று சப்பாத்தியாகும் கோதுமை.

ஆனால் பூ விவசாயிக்கு இதில் ஒரு சங்கடம். விதை வரும் செடி, காய்க்கும் செடி. டெல்லி எதனால் லாபமாக இருந்ததோ அதில் ஒரு பகுதியை மருந்து எடுத்துவிடுகிறது.

மலடாகவே புதிது

அப்படியானால் மலட்டைக் குணப்படுத்தாமல், மலடானவற்றைப் புதிது புதிதாகப் பிறப்பிக்கலாம் அல்லவா? ஜப்பானின் ஹிதோஷி கிஹாரா விதையில்லாத் தர்பூசணிக்குக் காட்டிய வழி இதுதான். 1951-இல் கட்டுரையாக வெளியிட்டார். சாதாரணத் தர்பூசணியைக் கால்சிசினால் நான்கு தொகுதியாக்கி, அதை இரண்டு தொகுதிச் செடியோடு கலந்தார். வந்த விதையை நட்டால் மும்மடியச் செடி. அதன் பழத்தில் விதை இல்லை. விதையில்லாப் பழத்தை விதை போட்டே வளர்க்க முடிந்தது.

கனகாம்பரத்தில் இரண்டு தொகுதிச் செடியும் நான்கு தொகுதிச் செடியும் ஏற்கெனவே இருக்கின்றன, கால்சிசின்கூடத் தேவையில்லை. வேரில் புழுவைத் தாங்கும் தாய், நிறத்துக்கு ஒரு தந்தை என்று பொறுக்கிக் கலந்தால், ஒவ்வொரு நாற்றும் சற்றே வேறு வேறான மும்மடியமாகப் பிறக்கும். தோட்டம் ஒரே செடியின் நகலாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா போன்ற புது இரகங்களை வெளியிட்டிருப்பதால், பொறுக்குவதற்குச் செடிகளுக்கும் பஞ்சமில்லை.

தடையாக நிற்பது காசுக் கணக்கு. தாய் வரிசையையும் தந்தை வரிசையையும் தனித்தனியாகக் காப்பாற்ற வேண்டும். தாய்ப் பூவில் மகரந்தம் பழுக்குமுன் தாள்களை நீக்கி, மற்றதன் மகரந்தத்தைக் கையால் தடவ வேண்டும். அத்தனைக்கும் ஒரு பூவில் கிடைப்பது அதிகபட்சம் நான்கு விதை. தர்பூசணியில் ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் விதை கிடைப்பதால் கூலி கட்டுபடியாகிறது. கனகாம்பரத்தில் நான்கு விதைக்கு அந்தக் கூலியைக் கொடுத்து நாற்று வாங்க, பக்கத்துத் தோட்டத்தில் குச்சி ஒடித்துக்கொள்ளலாம் என்று தெரிந்த எந்த விவசாயியும் இப்போதைக்கு முன்வர மாட்டார்.